வரிசையில் அழும் குழந்தை

திருச்செந்தூரில் செந்தில் ஆண்டவன் சந்நிதிக்குச் செல்லும் வரிசை விழா நாட்களில் மணிக்கணக்காக நீளும். முடி இறக்கவும், காது குத்தவும், முதல் சோறு ஊட்டவும் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் வந்த வண்ணம் இருக்கின்றன. கம்பித் தடுப்புகளுக்கு நடுவே ஒரு பச்சிளங்குழந்தை வீறிட்டு அழுதால், அந்த அழுகையின் பொருள் சுற்றி நிற்கும் பெண்கள் அனைவருக்கும் விளங்கும். பெற்றவளோ செய்வதறியாது விழிக்கிறாள். வரிசையை விட்டு வெளியேறினால் மீண்டும் கடைசியில் போய் நிற்க வேண்டும். நின்ற இடத்திலேயே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பால் கொடுக்கத் துணிந்தால், "ஏம்மா, சாமி கும்பிட வந்த எடத்துல... அங்கன மறைவாப் போய்க் கொடேன்" என்று யாரேனும் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படிச் சொல்பவர் ஆண் அல்லர். பிள்ளை பெற்று வளர்த்த ஒரு மூதாட்டிதான்.

அவரைக் குறை கூறிப் பயனில்லை. அவர் சொல்லில் வெறுப்பைவிட அச்சமே மிகுதி. பால் குடிக்கும் பிள்ளையின் மீது பிறர் பார்வை பட்டால் கண்ணேறு விழும், பிள்ளை பால் கக்கும் என்பது நெல்லைச் சீமையின் பழைய நம்பிக்கை. மறைத்துக் கொடு என்றது குழந்தையைக் காக்க எழுந்த சொல். காலப்போக்கில் அது தாயை நாணச் செய்யும் சொல்லாகத் திரிந்துவிட்டது.

இதில் வியப்பு என்னவெனில், நம் கோயில்கள் போற்றும் கதைகள் பலவும் திறந்த வெளியில் நிகழ்ந்த அமுதூட்டலைப் பேசுபவை. சீகாழிக் குளக்கரையில் தந்தை நீராடச் சென்றபோது அழுத மூன்று வயதுப் பிள்ளைக்கு, உமையம்மை பொற்கிண்ணத்தில் தன் பாலை ஏந்தி ஊட்டினாள். அப்பிள்ளையே திருஞானசம்பந்தர் ஆனார். செந்தூர்ப் பெருமானுக்குக் கார்த்திகேயன் என்ற பெயர் வந்ததே, சரவணப் பொய்கையில் கார்த்திகைப் பெண்கள் அறுவர் அவனுக்குப் பாலூட்டி வளர்த்ததால்தான். மதுரைத் திருவிளையாடலில், தாயை இழந்த பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்காகச் சோமசுந்தரக் கடவுள் தாமே தாய்ப்பன்றியாகிக் காட்டில் பால் கொடுத்தார். அந்தப் படலத்துக்குப் 'பன்றிக்குட்டிக்கு முலை கொடுத்த படலம்' என்று முன்னோர் கூசாமல் பெயரிட்டனர். இன்று அச்சொல்லை உரக்கப் படிக்கவே நமக்குத் தயக்கம்!

திருச்செந்தூரிலிருந்து நெல்லைக்குச் செல்லும் சாலையில் ஆழ்வார்திருநகரி இருக்கிறது. அங்கே அவதரித்த நம்மாழ்வார் பிறந்ததும் அழவில்லை, பாலும் உண்ணவில்லை என்பது வைணவ மரபு. பால் வேண்டாத தெய்வக் குழந்தை என்று பெற்றோர் மகிழவில்லை. காரியாரும் உடையநங்கையும் கலங்கிப்போய் ஆதிநாதப் பெருமாளின் சந்நிதியிலேதான் அக்குழந்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். பிள்ளை பால் குடிக்கவில்லை என்ற கவலையோடு வருவதற்கு அவர்கள் அறிந்திருந்த இடம் கோயில்தான்.

புதிதாய்ப் பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதாவது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சித்திரை வெயிலில் பிள்ளைக்கு நா வறளுமே என்று சர்க்கரைத் தண்ணீர் புகட்டும் பாட்டிமார் உண்டு. தாய்ப்பாலில் பெரும்பகுதி நீரே என்பதால் கோடையிலும் அது போதும். வெளியில் கலக்கும் தண்ணீரும் சரியாகக் கழுவாத புட்டியும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரக்கூடும். தாய்க்கும் துன்பம் உண்டு. நேரத்தில் கொடுக்காவிட்டால் பால் கட்டி, வலியும் காய்ச்சலும் வரும். அடிக்கடி தள்ளிப்போட்டால் சுரப்பே குறையும். "வீட்டுக்குப் போய்க் கொடுத்துக்கொள்ளலாம்" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னே இத்தனையும் இருக்கின்றன.

முத்துக்குப் பெயர்பெற்ற இக்கரையில் உழைக்கும் பெண்கள் இதை எந்நாளும் பெரிதுபடுத்தியதில்லை. உப்பளத்து வரப்பிலும், மீன் ஏலம் நடக்கும் கடற்கரையிலும், மரக்கிளையில் சேலைத் தொட்டில் கட்டி, அழுதபோது எடுத்துப் பால் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களுக்குச் சேலை துணை நின்றது. ஒரு முந்தானையே திரையாயிற்று. சுடிதார் அணியும் இக்காலத்துத் தாய்க்கு அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு, எவர் கையிலும் கேமராவுடன் கூடிய செல்போன் இருக்கிறது. இன்றைய தாயின் கூச்சத்தை வெறும் நாகரிகப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது.

2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தின்போது, தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 352 திறக்கப்பட்டன. நாட்டுக்கே முன்மாதிரியான செயல் அது. ஆனால் பூட்டிக் கிடக்கும் அறைகளைப் பற்றியும், தட்டுமுட்டுச் சாமான் அடைத்த அறைகளைப் பற்றியும் பின்னர் செய்திகள் வந்தன. அறை இருக்கிறதே என்பதைக் காட்டி, வெளியே கொடுப்பவளைக் கடிந்துகொள்வது அதைவிட மோசம். அறை அவளது வசதிக்காக. அவளை ஒளித்து வைப்பதற்காக அன்று.

2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதையே வேறு வகையில் சொன்னது. பொது இடத்திலும் பணியிடத்திலும் பாலூட்டுவதை இழிவாகக் கருதலாகாது என்ற நீதிபதிகள், பெண்களின் கண்ணியத்தைக் குலைக்கும் வழக்கங்களைக் கைவிடுவது குடிமக்களின் கடமை என்ற அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவையும் நினைவூட்டினர். கடமை பாலூட்டுபவளுக்கு அல்ல, பார்ப்பவருக்கு.

கோயிலில் அந்தக் கடமை எளிது. கைக்குழந்தையோடு நிற்பவளை முன்னே விடலாம். அவள் வெளியே போய்த் திரும்பும்வரை இடத்தைக் காத்துவைக்கலாம். மண்டபத்தின் ஒரு மூலையில் விசிறியும், சாய்ந்து அமர ஒரு திண்ணையும், குடிக்க ஒரு சொம்புத் தண்ணீரும் இருந்தால் போதும். பால் கொடுப்பவளுக்குத் தாகம் மிகும் என்பதைப் பெற்றவர் அறிவர்.

கந்த சஷ்டியின்போது, கடற்கரை மணலில் விரதக் குடும்பங்கள் தங்கியிருக்கும் இடத்தைச் சற்றுக் கவனித்தால், வேறொரு பழைய வழக்கமும் கண்ணில் படும். ஒருத்தி பிள்ளையை மடியில் கிடத்தினால், அருகிலிருக்கும் அத்தையும் சித்தியும் பேச்சை நிறுத்தாமலே கொஞ்சம் நகர்ந்து, அவளுக்கு முதுகு காட்டி அமர்ந்துகொள்கிறார்கள். யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்வதில்லை. கடற்காற்று முந்தானையைத் தூக்கினால் ஒரு கை நீண்டு அதைப் பிடித்துக்கொள்கிறது.