சின்னமுத்து சின்ன வருத்தமில்லை

மீசில்ஸ் தடுப்பூசி பற்றி டொக்டரிடமிருந்து கடிதம் வந்தது. மகனின் ரெட் புக்கைத் தேடி எடுத்துப் பார்த்தால், இரண்டாவது ஊசிக்கான இடம் வெறுமையாக இருந்தது.

"என்ன பிள்ளை அது?" என்று அம்மா கேட்டா.

"சின்னமுத்துக்கு ஊசியம்மா."

"அது எல்லாப் பிள்ளையளுக்கும் வந்து போறதுதானே. வேப்பிலை வைச்சாப் போச்சு."

பெயரில்தான் சின்னது. நிமோனியா, மூளை வீக்கம் வரைக்கும் கொண்டுபோகக்கூடிய வருத்தம் இது. தடுப்பூசி போடாத 10 பேர் நோயாளிக்குப் பக்கத்தில் இருந்தால் 9 பேருக்குத் தொற்றும். உடம்பில் புள்ளிகள் தெரிய 4 நாளுக்கு முன்பே பரவத் தொடங்கிவிடும். அதனால், வந்த பிறகு பிள்ளையை வீட்டில் மறித்து வைப்பது பிந்திய வேலை. நூற்றுக்கு 95 பேராவது இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான், இன்னும் ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைகளுக்கும் பாதுகாப்பு.

அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில், பிள்ளைகளுக்காகக் காத்து நின்ற அம்மாமாரிடம் கதை கொடுத்தேன். நாலைந்து வீடுகளில் இதே நிலைமை. ஆனால் ஒருவரும் ஊசிக்கு எதிரியில்லை. ஒருத்திக்கு ஓட்டிசம் பயம். அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் சஞ்சிகையே 2010இல் மீளப்பெற்றுவிட்டது அவவுக்குத் தெரியாது. சைவக்காரக் குடும்பம் ஒன்று, ஊசியில் பன்றி ஜெலட்டின் இருக்கிறதாம் என்று தயங்கியது. இன்னொருத்திக்கு வேலை நேரத்தில் அப்பொயின்ட்மென்ட் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

கடிதம் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். தடையோ வீட்டுக்கு வீடு வேறு. அதைக் கேட்டறிய எங்கட ஆட்களில் ஒருவர் வேணும்.

பள்ளியில் ஒரு பிள்ளையின் அம்மா நேர்ஸ். வகுப்பு முடிய, தேத்தண்ணியோடு அரை மணித்தியாலம் இருந்து பேசச் சொல்லிக் கேட்டோம். அம்மம்மா, அப்பப்பாமாரையும் கூப்பிட்டோம். ஜெலட்டின் இல்லாத ஊசியும் இருக்கு, முன்கூட்டியே கேட்டு வாங்கலாம் என்று அவ தமிழில் சொன்னதும் அந்தச் சைவ வீட்டுத் தயக்கம் தீர்ந்தது.

வரும் வழியில் அம்மாவுக்குப் பழைய ஞாபகம். ஊரில் சைக்கிளில் வந்த மிட்வைஃப், படலையில் நின்றே எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஊசி மிச்சம் என்று சொல்லுவாவாம். "அவ சொன்னால் ஆரும் தட்டமாட்டினம்" என்றா.

2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதே ஆண்டு பிரித்தானியா அந்தத் தகுதியை இழந்தது. இங்கே எங்கட படலைக்கு மிட்வைஃப் வரப்போவதில்லை. நாங்கள்தான் ஒருவரை ஒருவர் கேட்கவேணும்.

இண்டைக்கே ரெட் புக்கை எடுத்துப் பாருங்கோ. தவறியிருந்தாலும் பிரச்சினையில்லை, பிரித்தானியாவில் எந்த வயதிலும் இலவசமாகப் போடலாம். பிறகு பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடமும் ஒருக்கால் கேளுங்கோ.

மகனுக்கு ஊசி போட்ட அன்று அம்மாவும் கூட வந்தா. வேப்பிலைக் கதை எடுக்கவேயில்லை.