குழந்தை தங்கவில்லை என்றாலும் அவளுக்கும் பச்சை உடம்புதான்

பிள்ளை பெற்று வீடு திரும்பும் பெண்ணுக்குப் பத்தியச் சாப்பாடு, வெந்நீர்க் குளியல், ஓய்வு என்று வீடே தாங்குகிறது. கரு கலைந்தோ, குழந்தை வயிற்றிலேயே இறந்தோ வெறுங்கையோடு திரும்புகிறவளை நான்காம் நாளே அடுப்படியில் பார்க்கிறோம். அவளுக்கும் அதே உதிரப்போக்கு, அதே உடல் தளர்ச்சி. அவளுக்குரிய கவனிப்பும் உரிமையும் என்னென்ன என்பதை வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரசவ அறையில்

அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் உறவுக்காரப் பெண் ஒருவரைத் துணைக்கு அனுமதிக்க மத்திய அரசு 2016-இல் வழிகாட்டுதல் தந்தது. துணை வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். வலியில் கத்துகிறவளைத் திட்டுவதும் தொடையில் அடிப்பதும் அத்துமீறல். யாரும் பொறுத்துப்போக வேண்டியதில்லை. குழந்தையை வெளியே தள்ள மேல்வயிற்றை அழுத்துவதையும், எல்லோருக்கும் வழக்கமாகப் பிறப்புறுப்பில் கீறல் போடுவதையும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரைகள் ஏற்கவில்லை.

இழப்புக்குப் பிறகு

குழந்தைகளின் அழுகுரல் கேட்காத தனிப் படுக்கையைக் கேட்கலாம். இறந்து பிறந்த குழந்தையைப் பார்க்கலாமா, கையில் வாங்கலாமா என்பதைத் தாய்தான் முடிவு செய்ய வேண்டும். "அவளுக்குக் காட்டாதீங்க" என்று உறவினர்கள் தடுப்பதும், பார்த்தே ஆக வேண்டுமென்று வற்புறுத்துவதும் தவறு.

மாதம் கூடிய கர்ப்பம் என்றால் சில நாளில் பால் சுரந்துவிடும். மார்பு கல்லாக இறுகி, ரவிக்கை நனையும்போதுதான் பல பெண்களுக்கு இது தெரியவருகிறது. பாலை முழுவதுமாகப் பிழிந்தெடுத்தால் மேலும் சுரக்கும். மார்பைத் தாங்கும் உள்ளாடையும் குளிர்ந்த துணி ஒத்தடமும் இதமளிக்கும். வலி தாங்க முடியாவிட்டால் சற்றே பீய்ச்சிவிடலாம். இதை டிஸ்சார்ஜுக்கு முன்பே செவிலியர் சொல்லித்தர வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

தாயின் ரத்த வகை நெகட்டிவ் என்றால், ஆன்டி-டி ஊசி தேவையா என்று உடனே கேளுங்கள். தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தவறினால் அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்கு ஆபத்து.

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம் நனைந்துகொண்டே போனாலோ, காய்ச்சல், துர்நாற்றக் கசிவு, கடும் வயிற்றுவலி, மயக்கம் இருந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

26 வாரத்துக்குள் கரு கலைந்தால் சம்பளத்துடன் ஆறு வார விடுப்பு உண்டு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டம் தந்த இந்த உரிமை, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. உடல்நிலை தேறாவிட்டால் மேலும் ஒரு மாதம் வரை கேட்கலாம். 26 வாரத்துக்குப் பின் குழந்தை இறந்து பிறந்தால் அது சட்டப்படி பிரசவம். மகப்பேறு விடுப்பே கேட்கலாம். விடுப்பில் இருப்பவரை வேலையைவிட்டு நிறுத்த முடியாது. இதற்கெல்லாம் மருத்துவச் சான்று முக்கியம். ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் பத்திரமாக வையுங்கள்.

குறை இருந்தால்

மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் கட்டணமில்லை. யாராவது காசு கேட்டால் அதையும் புகாரில் எழுதுங்கள். தமிழ்நாட்டில் முதல்வரின் உதவி மையம் 1100. பெண்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும், எண் 15100.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: "எதைத் தூக்கினே, எங்கே போனே" என்று அவளைக் கேட்காதீர்கள். தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். வாரக்கணக்கில் அவள் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால் மனநல உதவிக்கு 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது. அழைக்க அவளுக்குத் தெம்பில்லை என்றால், நீங்கள் அழையுங்கள்.