உப்பு தின்ற வண்டிகள்

தோட்டத்தில் உரம் ஏற்றும் லோரியின் அடியில் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? பொட்டாஷ் உரமும் ஒருவகை உப்புதான். இரும்பை அது என்ன பாடு படுத்தும் என்பது உங்களுக்கே தெரியும். அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் இதே கதை சாலையிலேயே நடக்கிறது. பனிக்கட்டி உருக அங்கே உப்பைக் கொட்டுகிறார்கள். உப்புநீர் வண்டியின் அடிச்சட்டத்துக்குள் புகுந்து, உள்ளிருந்தே தின்கிறது. மேலே சாயம் பளபளக்கும். அடியில் சுத்தியலால் தட்டினால் துரு பாளம் பாளமாக உதிரும்.

1995 முதல் 2000 வரை வந்த டொயோட்டா டக்கோமா பிக்கப் வண்டிகளுக்கு இந்தக் கதிதான். 2008-இல் கம்பெனி 15 ஆண்டு உத்தரவாதம் தந்தது. சட்டம் ஓட்டையான வண்டிகள் பலவற்றை மதிப்புக்கு ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

ஆனால் 2009-இல் டண்ட்ரா வண்டிகள் சுமார் 1,10,000 திரும்ப அழைக்கப்பட்டபோது? பின்புறக் குறுக்குச் சட்டம் அரித்து, ஸ்பேர் டயர் நடுச்சாலையில் விழக்கூடுமாம். குறுக்குச் சட்டம் ஓட்டையானால் அதை மாற்றுவார்கள். இல்லையென்றால் துருத்தடுப்பு மருந்து பூசி அனுப்புவார்கள். மீதிச் சட்டம்? லயத்து வீட்டில் நாலு தகரம் ஒழுக, ஒன்றை மட்டும் மாற்றிய கதைதான். வண்டிக்காரருக்கு எரிச்சல் வராதா, சொல்லுங்கள்!

பிறகு வந்த வண்டிகளுக்கும் வழக்கு நடந்தது. 2016-இல் சுமார் 15 லட்சம் வண்டிகளைச் சோதித்து, அரித்த அடிச்சட்டத்தை முழுதாக மாற்றித்தர ஒப்பந்தம் ஆயிற்று. செலவு 340 கோடி டாலர்வரை போகலாம் என்றார்கள்.

பழைய வேன் விலை பேசப் போகிறவர்கள் டார்ச்லைட்டும் சிறு சுத்தியலும் கொண்டு போங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.