ஓர் இலக்கம் தப்பினால் யாருடைய வயல்?

சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யக் கடைசி நாள் நவம்பர் 15. பல ஆண்டுகளில் அதை நீட்டித்திருக்கிறார்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தேதி நெருங்க நெருங்க, கும்பகோணம், திருவிடைமருதூர், பாபநாசம் பக்கத்து வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. அடங்கல், சிட்டா, பாஸ்புக் எல்லாம் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போகிறார்கள். ஆதார் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் திரை உடனே தவறு என்கிறது. புல எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. ஏன்? ஒரு வாசகர் இன்னும் ஒரு படி போய்க் கேட்டிருக்கிறார்: தவறு என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரம், சரியான எண் எது என்று தானே போட்டுக்கொள்ளக் கூடாதா?

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். விடையும் மென்பொருள் எழுதியவரின் கையில் இல்லை, எண்ணிக்கையின் கையில் இருக்கிறது.

முதலில், திரையில் வரும் 'சரியான எண்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்த்துவிடுவோம். ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், முன்னால் உள்ள 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுச் சேர்த்த சரிபார்ப்பு இலக்கம். கணக்கு பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு. அந்த எண் உங்களுடையதா, உயிரோடிருக்கும் எவருடையதாவதா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. மனம்போன போக்கில் 12 இலக்கங்களை அடித்தாலும் பத்தில் ஒருமுறை கணக்கு பொருந்திவிடும். பெயரோடும் விரல் ரேகையோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது வேறு வேலை. அதிகாரிகள் இரண்டையும் 'சரிபார்ப்பு' என்ற ஒரே சொல்லால் குறிப்பது சரியல்ல.

இனி அந்த இலக்கத்தால் எவ்வளவு முடியும் என்று பார்ப்போம். கூட்டுறவுச் சங்கத்தில் ஓர் உறுப்பினர் எண் 471 என்று வைத்துக்கொள்வோம். எல்லா இலக்கங்களையும் கூட்டினால் பத்தின் மடங்கு வர வேண்டும் என்று விதி வைத்தால், கடைசியில் 8 சேர்த்து 4718 ஆகும். எழுத்தர் அதை 4728 என்று பதிந்துவிடுகிறார். கூட்டுத்தொகை 21. தவறு பிடிபட்டுவிட்டது. ஆனால் எந்த இலக்கம் தவறு? 3728-ஐக் கூட்டினாலும் 20, 4628-ம் 20, 4718-ம் 20, 4727-ம் 20. நான்கு இடங்கள், இடத்துக்கு ஒருவராக நான்கு உறுப்பினர்கள். நால்வரும் ஒரே அளவு உரிமையோடு வந்து நிற்கிறார்கள். இயந்திரம் அவர்களில் ஒருவரைத் தானாகத் தேர்ந்தெடுத்தால், கண்ணுக்குத் தெரிந்த தவறு கண்ணுக்குத் தெரியாத தவறாக மாறிவிடும்.

ஆதாரிலும் இதே கதைதான். அங்கே உரிமை கொண்டாட 12 பேர் வரை வரலாம். மாறாக, அட்டை நைந்து ஓர் இலக்கம் மட்டும் படிக்க முடியாமல் போயிருந்தால், அதை அந்தச் சரிபார்ப்பு இலக்கமே மீட்டுக் கொடுத்துவிடும். தவறு எங்கே என்று தெரிந்தால் ஓர் இலக்கம் போதும்; எங்கே என்று தெரியாவிட்டால் போதாது.

கூட்டல் முறைக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. 4718-ஐ 7418 என்று இடம் மாற்றி அடித்தால் கூட்டுத்தொகை மாறாது. இதை அடைத்தவர் நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாகோபஸ் வெர்ஹூஃப். மனிதர்கள் எண்களை எப்படித் தவறாக எழுதுகிறார்கள் என்பதை ஆராய்ந்து 1969-ல் அவர் ஒரு முறையை வெளியிட்டார். சாதாரணக் கூட்டலுக்குப் பதில் ஐங்கோணத்தைத் திருப்புவதையும் புரட்டுவதையும் அதில் பயன்படுத்தினார். ஐந்து திருப்பல், ஐந்து புரட்டல், ஆகப் பத்து. பத்து இலக்கங்களுக்குச் சரியாக இருக்கிறது. திருப்பிவிட்டுப் புரட்டுவதும் புரட்டிவிட்டுத் திருப்புவதும் ஒன்றல்ல என்பதால், வரிசை மாறினால் விடையும் மாறிவிடும். ஆதார் பின்பற்றுவது இந்த முறையைத்தான். ஓரிலக்கப் பிழை எதுவும் தப்பாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் தப்பாது. ஒரே ஓர் இலக்கச் செலவில் இவ்வளவு என்பது மிக அழகான கணிதம். ஆனால் இதுவும் தவறைக் கண்டுபிடிக்கும், திருத்தாது.

திருத்த வேண்டுமானால் என்ன விலை? 1950-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் காட்டிய கணக்கை நம் விரலாலேயே போட்டுப் பார்க்கலாம். 12 இடங்கள், ஒவ்வொன்றிலும் தவறாக வரக்கூடிய இலக்கங்கள் 9. ஆக 108 விதமான தவறுகள். தவறே இல்லாத நிலையையும் சேர்த்தால் 109. இரண்டு சரிபார்ப்பு இலக்கங்கள் தரக்கூடிய வெவ்வேறு அடையாளங்கள் 00 முதல் 99 வரை, நூறுதான். நூறு அடையாளங்களை வைத்து 109 நிலைகளைப் பிரித்தறிய எந்த மேதையாலும் முடியாது. குறைந்தது மூன்று இலக்கங்கள் வேண்டும்.

அப்படியானால் மொத்தம் 12 இலக்கங்களில் ஆளைக் குறிக்க 9 இலக்கங்கள்தான் மிஞ்சும். ஆதார் எண் 0-விலோ 1-லோ தொடங்குவதில்லை. எனவே அதிகபட்சம் 80 கோடிப் பேருக்குத்தான் எண் தரலாம். நாட்டின் மக்கள்தொகை 140 கோடியைத் தாண்டியது. இப்போதுள்ள 11 இலக்கங்களையும் விடாமல் வைத்துக்கொண்டு மூன்றைக் கடைசியில் ஒட்டினால், 14 இலக்க எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் சலுகையே கிடையாது.

நம் ஊர் நடவை வைத்துச் சொன்னால் எளிது. 20-க்கு 10 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஒரு சதுர மீட்டரில் 50 குத்து. திருந்திய நெல் சாகுபடியில் 25-க்கு 25 செ.மீ. விட்டால் 16 குத்து. இடைவெளி கூடினால், சாய்ந்த பயிர் எந்தக் குத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் குத்துகளின் எண்ணிக்கை குறையும். ஹாமிங்கின் கணக்கு வகுக்கும் எல்லை (ஹாமிங் எல்லை) சொல்வது இந்த இடைவெளிக் கணக்கைத்தான்.

புல எண் இடைவெளியே விடாமல் நட்ட வயல். 214 இருக்கிறது, 215 இருக்கிறது. 214/3 இருக்கிறது, 214/8-ம் இருக்கலாம். ஓர் இலக்கம்கூட வீணாகவில்லை, அதனால் பாதுகாப்பும் இல்லை. எந்த இலக்கத்தை மாற்றி அடித்தாலும் பெரும்பாலும் அது இன்னொருவரின் நிலமாக இருக்கும். நில ஆவணத்தோடு கணினி ஒப்பிட்டுப் பார்த்தாலும், அப்படி ஒரு புல எண் உண்டு என்றே பதில் வரும். பட்டாதாரர் பெயரையும் சேர்த்து ஒப்பிட்டால்தான் தவறு பிடிபடும். எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். நெல்லுக்கு இழப்பீடு, பெரும்பாலும் கிராம அளவிலான விளைச்சலை வைத்து முடிவாகிறது. கிராமம் தவறாகப் பதிவானால், மூழ்கிய வயலுக்குரியவர் நன்றாக விளைந்த ஊரின் கணக்கில் போய்ச் சேருவார். அவரிடம் இருக்கும் ரசீதில் ஆதார் எண் மட்டும் பிழையில்லாமல் இருக்கும்.

கடிதங்களில் இருந்த மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கிழிந்த கியூஆர் குறியீடு மட்டும் எப்படி வேலை செய்கிறது? அதற்காகவே இடத்தை அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள்: மிகச் சிறிய வகையில், உச்சப் பாதுகாப்பு நிலையில், 26 பைட்டுகளில் செய்திக்கு 9 மட்டுமே, மீதி 17-ம் 8 பிழைகள் வரை திருத்துவதற்கு.

ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் சரிபார்ப்பு உண்டா? தனியாக இல்லை, 11 எழுத்தெண்களில் முதல் நான்கு வங்கி, ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மீதி ஆறு கிளை.

கணக்கு எண் தவறினால்? நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

நிலத்துக்கு மத்திய அரசு அறிவித்த 14 எழுத்தெண் தனித்துவ எண் இதைத் தீர்க்குமா? தனித்துவம் என்றால் இரண்டு நிலங்களுக்கு ஒரே எண் வராது என்று பொருள். தவறாக அடித்தால் பிடிபடும் என்று பொருளல்ல.

புதிய கணிதம் எல்லையைத் தாண்டாதா? தாண்டாது, நெருங்கிப் போகும். எவ்வளவு நெருங்கலாம் என்பதை 1948-லேயே கிளாட் ஷானன் சொல்லிவிட்டார், நீளமான செய்திகளில்தான் அது கைகூடும்.

ஒரே விடை கிடைக்காவிட்டால் கைவிட வேண்டியதுதானா? வேண்டியதில்லை, ஒரு சிறு பட்டியலைத் தருவது எப்படி என்று சென்னையில் பிறந்த மது சூதன் 1997-ல் காட்டினார், ஐஐடி மெட்ராஸில் படித்த வெங்கடேசன் குருசாமியோடு சேர்ந்து 1999-ல் அதை மேம்படுத்தினார், பட்டியலில் உரியவரைப் பெயரைக் கொண்டு பிரித்துவிடலாம்.

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? உண்டு, அவருடைய யூகம் ஒன்றை அடித்தளமாகக் கொண்டு 1988-ல் உருவான 'ராமானுஜன் வரைபடங்கள்', 1996-ல் சிப்சரும் ஸ்பீல்மனும் அமைத்த விரைவான பிழைதிருத்தக் குறிமுறைகளுக்குப் பயன்பட்டன.

வங்கியோ சங்கமோ தவறாகப் பதிந்தால்? அந்த இழப்புக்கு அவர்களே பொறுப்பு என்கிறது திட்ட விதி. நிரூபிக்க ரசீது வேண்டும்.

ரசீதில் எதை முதலில் பார்ப்பது? கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு, வங்கிக் கணக்கு எண், இந்த வரிசையில். ஆதாரைக் கடைசியில் பார்த்தால் போதும்.