அணைத் திட்ட மதிப்பீட்டில் சொற்பொருள்: ஹிராகுட் திட்டத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

1. முன்னுரை

பாசனத்திற்கும் வெள்ளத் தணிப்பிற்கும் என முன்மொழியப்படும் அணையொன்றை மதிப்பிடும்போது, பொறியாளர் நீரை அளக்கிறார். பொருளியலார் பயனையும் செலவையும் எதிரெதிரே வைத்து நிறுக்கிறார். இவ்விருவருடைய முடிவுகளும் மக்களைச் சென்றடைவது பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு 1997-இல் கட்டாயமாக்கப்பட்டது. மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்தில் மட்டுமன்றி வட்டார மொழியிலும் வைக்கப்பட வேண்டும் என 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை கூறுகிறது. நிலத்தை இழக்கவிருப்பவர் படித்துப் பார்த்து மறுப்புரைக்கக்கூடிய ஆவணம் பல வேளைகளில் அச்சுருக்கம் ஒன்றே. அதிலுள்ள கலைச்சொற்கள் மூலத்தின் பொருளளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் மதிப்பீடே மாறிவிடும். இவ்வாறு மாறக்கூடிய சில இடங்களை ஹிராகுட் திட்டத்தைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. கட்டி முடிக்கப்பட்டு நெடுங்காலமான அணையாதலால், அங்கே சொல்லையும் விளைவையும் ஒப்பிட்டுக் காண இயலும்.

2. ஒரு நீர்த்தேக்கம், இரு நோக்கங்கள்

மகாநதி வெள்ளத்தைப் பற்றி 1928-இல் ஒரு குழு ஆராய்ந்தது. 1937-இல் விசுவேசுவரய்யா நீர்த்தேக்கங்களைப் பரிந்துரைத்தார். 1945-இல் ஏ. என். கோஸ்லா வகுத்த திட்டத்தின் வழியாகச் சம்பல்பூருக்கு அருகே ஹிராகுட் அணை எழுந்தது; 1957 ஜனவரி 13-இல் அது திறந்து வைக்கப்பட்டது. வெள்ளத் தணிப்பு, பாசனம், மின்னாக்கம் என்பன அதன் நோக்கங்கள்.

இதன் முழு நீர்மட்டம் 630 அடி. குறைந்தபட்ச நீர்மட்டம் 590 அடி. இடைப்பட்ட 40 அடியே பயன்படுத்தத்தக்க பகுதி. வெள்ளத்தை ஏற்க வேண்டுமாயின், பருவமழைக் காலத்தில் இப்பகுதி கூடியவரை வெறுமையாக இருத்தல் வேண்டும். பாசனத்திற்கும் மின்னாக்கத்திற்குமோ மழைக்காலம் முடியும்போது அது நிறைந்திருத்தல் வேண்டும். நீர்த்தேக்கம் நிறைந்துவரும் செப்டம்பரில் பெருவெள்ளம் வருமாயின், அதனைத் தாங்க இடமிராது. வந்த நீரைத் திறந்துவிட நேரும். 2011 செப்டம்பர் வெள்ளத்தையொட்டி எழுந்த விவாதம் இதைப் பற்றியதே.

ஆகவே ஒரே வெற்றிடத்தைப் பாசனப் பயனிலும் வெள்ளப் பயனிலும் முழுமையாகக் கணக்கிடும் அறிக்கை, ஒரு பொருளை இருமுறை விற்பதற்கு ஒப்பாகும். 'கொள்ளளவு' என்ற பொதுச்சொல் இதனை மறைத்துவிடும். மொத்தக் கொள்ளளவு, பயன்படு கொள்ளளவு, அடிமட்டத்தில் எடுக்க இயலாது தங்கும் நீரிருப்பு, வெள்ளத்திற்கென ஒதுக்கப்படும் கொள்ளளவு என மூலம் பிரித்துரைக்கும் இடங்களில் மொழிபெயர்ப்பும் பிரித்துரைத்தல் இன்றியமையாதது.

3. தடுப்பு, கட்டுப்பாடு, தணிப்பு

தமிழில் இம்மூன்று சொற்களும் ஒன்றற்கொன்று பதிலாக வழங்குகின்றன. எனினும் இவற்றின் பொருள் ஒன்றன்று. 'வெள்ளத் தடுப்பு' என்பது வெள்ளம் வாராது என்னும் உறுதிமொழியாகக் கேட்பவர் மனத்தில் பதியும். 'கட்டுப்பாடு' வெள்ளம் மனிதர் ஆணைக்கு உட்பட்டது என உணர்த்தும். 'தணிப்பு' உச்சப் பெருக்கின் அளவு குறைக்கப்படுவதை மட்டுமே குறிக்கும்.

மகாநதியின் வடிநிலம் ஏறத்தாழ 1,41,600 சதுர கிலோமீட்டர். ஹிராகுட்டுக்கு மேலே அமைவது 83,400 சதுர கிலோமீட்டர். எஞ்சிய ஐந்தில் இரு பங்கில் பெய்யும் மழை அணைக்குக் கீழே ஆற்றில் சேர்கிறது. அந்நீரை ஹிராகுட் தேக்க இயலாது. கோஸ்லாவின் திட்டத்தில் இதனோடு இணைத்து எண்ணப்பட்ட திக்கர்பாரா அணையும் கட்டப்படவில்லை. எனவே இத்தகைய அணையைக் குறித்துத் 'தடுப்பு' என்று எழுதுவது, அறிக்கை தராத வாக்கை மொழிபெயர்ப்பாளர் தருவதாகும். அச்சொல்லை நம்பி ஆற்றோரத்தில் வீடு கட்டுபவர் அதன் விலையைச் செலுத்துவார்.

4. பாசனப் பரப்பு

ஹிராகுட் பாசனம் காரிஃப் பருவத்தில் 1,55,635 ஹெக்டேர், ராபி பருவத்தில் 1,08,385 ஹெக்டேர் எனக் குறிக்கப்படுகிறது. இவற்றைக் கூட்டினால் வரும் 2,64,020 ஹெக்டேர் என்பது ஆண்டுப் பயிர்ப்பரப்பு, நிலத்தின் பரப்பன்று. ஒரே வயல் இரு பருவங்களில் இருமுறை எண்ணப்படுகிறது. விளைச்சலின் மதிப்பைக் கணிக்க இக்கூட்டல் முறையானது. எத்தனை உழவர்க்கு நீர் கிடைக்கும் எனக் கணிக்க அது பிழையானது. தமிழில் 'ஆயக்கட்டு' என்ற வழக்குச்சொல் பாசனத்திற்கு உட்பட்ட நிலத்தைக் குறிக்க நிலைபெற்றுள்ளது. அதனை நிலத்திற்கும், 'ஆண்டுப் பயிர்ப்பரப்பு' என்பதைக் கூட்டுத்தொகைக்கும் வரையறுத்துக் கொண்டால் குழப்பம் நீங்கும்.

5. செலவுப் பக்கத்தில் மனிதர்

பயன்களைப் போலவே இழப்புகளும் சொல்லின் வரையறைக்குக் கட்டுப்பட்டவை. ஹிராகுட்டில் நூற்றுக்கணக்கான ஊர்கள் நீரில் மூழ்கின. இழப்பிற்கு உரியவர் யார் என்பதைத் தெளிவாக வரையறுத்ததற்குச் சிறந்த சான்று, பிற்காலத்தில் நருமதை நீர்ப் பூசலில் எழுந்த தீர்ப்பாகும். நடுவர் மன்றத்தின் 1979-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, நிலையாகவோ தற்காலிகமாகவோ மூழ்கக்கூடிய நிலத்தில் அறிவிக்கைக்கு ஓராண்டு முன்பிருந்தேனும் வழக்கமாகக் குடியிருப்போர், பயிரிடுவோர், தொழில் புரிவோர், கூலிக்கு உழைப்போர் அனைவரையும் வெளியேற்றப்படுவோர் என்றது. இதனை 'நிலம் இழந்தோர்' எனப் பெயர்த்தால் நிலமற்ற கூலியாளர் விடுபடுவர். 'பாதிக்கப்பட்டோர்' எனப் பெயர்த்தால் கால்வாய்க்கு நிலம் கொடுத்தோரும் உள்ளடங்குவதாகத் தோன்றும். அவர்களோ அவ்வரையறைக்கு வெளியே நின்றவர்கள். முதற்பெயர்ப்பு உரியவரின் உரிமையை மறைக்கிறது. இரண்டாவது இல்லாத உரிமையைக் காட்டுகிறது.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால் மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளத்தக்க நெறிகள் மூன்று எனலாம். அளவைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லை அறிக்கை முழுவதும் வழங்குதல். வரையறையுடைய சொல்லை முதலில் வருமிடத்திலேயே விளக்குதல். மூலமே தெளிவற்றிருப்பின், இனிய சொல்லால் அதனை மூடாது, ஆக்கியோரிடம் கேட்டுத் தெளிதல். கருத்துக்கேட்பு நாளில் எழுந்து வினவும் உழவரின் கையில் இருப்பது அத்தமிழ்ச் சுருக்கமே. அவர் கேட்கும் வினா சரியாக அமைவதற்கு அதுவே துணை.