திண்ணையும் திரையும் – 17: லெட்டியும் லாட்டியும்

அரிமளம் பக்கத்து எங்கள் ஊருக்கு 14 இன்ச் கலர் டிவி வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். 2006 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் வந்த பெட்டி அது. அதில் அப்பத்தா பார்த்த ஒரு இங்கிலீஷ் கதையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமா, டிவிடி பிளேயரோடு ஒரு பை நிறைய டிஸ்க்கும் கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்று பி.பி.சி. எடுத்த மிஸ் மார்ப்பிள். அகதா கிறிஸ்டி படைத்த பாட்டி. கல்யாணம் ஆகாதவர், செயின்ட் மேரி மீட் என்ற சின்ன கிராமத்தில் கம்பளி பின்னிக்கொண்டு இருப்பவர். ஊரில் யாராவது கொலையானால் போலீஸுக்கு முன்னால் இவருக்கு விஷயம் விளங்கிவிடும். பூதக்கண்ணாடி, துப்பாக்கி எதுவும் கிடையாது. ‘மீன்காரர் மகனும் இப்படித்தான் ஒருநாள் பொய் சொன்னான்’ என்கிற மாதிரி ஏதாவது ஊர்ச்சங்கதி அவர் ஞாபகத்துக்கு வரும், முடிச்சு அவிழும். நடித்த ஜோன் ஹிக்சன் 1906-ல் பிறந்தவர். 1984-ல் முதல் கதை ஒளிபரப்பானபோது அவருக்கு 78 வயது. பன்னிரண்டு நாவல்களையும் நடித்து முடித்தபோது 86.

நாங்கள் போட்டது ‘எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு’. இன்ன வீட்டில், இன்ன நாளில், மாலை ஆறரைக்கு ஒரு கொலை நடக்கும் என்று உள்ளூர்ப் பேப்பரில் விளம்பரம் வருகிறது. ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஊரே அந்த வீட்டில் கூடுகிறது. சொன்ன நேரத்துக்கு விளக்கு அணைகிறது, துப்பாக்கி வெடிக்கிறது, விளக்கு வந்து பார்த்தால் ஓர் இளைஞன் செத்துக் கிடக்கிறான். நான் ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பத்தா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் கூடவே தங்கியிருக்கும் ஒரு வயதான தோழி, வீட்டுக்கார அம்மாளைக் கூப்பிட்டுப் பேசும் காட்சி வந்தது. அப்பத்தா பாக்குவெட்டியை அப்படியே நிறுத்தினாள்.

“அப்பு, அந்தப் பொம்பள முன்னாடி லெட்டின்னுல்ல கூப்புட்டா? இப்ப லாட்டிங்கிறாளே. ரெண்டும் ஒரே ஆளா?”

எனக்கு அது காதிலேயே விழவில்லை. அர்த்தத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் தெரியாத அப்பத்தாவுக்கு அந்தப் பேச்சில் பிடிபட்டவை பெயர்கள் மட்டும்தான். அதனால் அவற்றை விடாமல் கேட்டிருக்கிறாள். மொத்தக் கதையின் முடிச்சும் அந்த ஓர் எழுத்தில்தான் இருக்கிறது. முழுக்கச் சொல்லி உங்கள் சுவாரசியத்தைக் கெடுக்க மாட்டேன்.

எழுத்து என்றால் அப்பத்தாவுக்கு அவ்வளவு கவனம். அதற்குக் காரணம் உண்டு. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் வந்தபோது அவளுக்கு அறுபதை நெருங்கிய வயது. அதுவரை ரேஷன் கடையிலும் பத்திர ஆபீஸிலும் கைநாட்டு. ராத்திரி வகுப்பில் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து, ‘லெ’யையும் ‘லா’வையும் சிலேட்டில் பிரித்துப் பழகியவள். சின்ன வயதில் படித்த நமக்குச் சொல் மொத்தமாகத் தெரியும். அவளுக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். அதே இயக்கத்தில்தான் அத்தை சைக்கிள் பழகினாள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய அந்த நாட்களில், மாவட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கிறவர்கள், நர்ஸுகள், வயல் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதில் உண்டு.

மிஸ் மார்ப்பிள் மாதிரி துப்பறியும் பெண்கள் மற்ற ஊர்த் திரைகளிலும் உண்டு. அமெரிக்காவில், பி.பி.சி. தொடர் வந்த அதே 1984-ல் ‘மர்டர், ஷி ரோட்’ தொடங்கியது. கபட் கோவ் என்ற கடலோர ஊரின் முன்னாள் இங்கிலீஷ் டீச்சர் ஜெசிகா ஃப்ளெட்சராக ஏஞ்சலா லான்ஸ்பரி பன்னிரண்டு சீசன், 264 பகுதிகள் நடித்தார். கொலையைச் சுற்றிய கதைதான், ஆனாலும் வீட்டில் எல்லாரும் சேர்ந்து டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். வங்காளத்தில் ரிதுபர்ணோ கோஷ், மார்ப்பிள் கதை ஒன்றை 2003-ல் ‘ஷுபோ மஹுரத்’ என்று படமாக்கினார். ராங்கா பிஷிமாவாக, அதாவது நம்மூர்க் கணக்கில் ஓர் அத்தையாக, ராக்கி வந்தார்; தேசிய விருதும் பெற்றார்.

நம் பக்கம்? தேவனின் துப்பறியும் சாம்புவாகத் தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி நடித்ததை நாம் ரசித்தோம். கணேஷ்–வசந்த், விவேக், பரத் என்று வாரப் பத்திரிகைகளில் துப்பறிந்தவர்களெல்லாம் இளவட்டங்கள். சீதாப்பாட்டியை 1963-லேயே குமுதத்தில் பாக்கியம் ராமசாமி தந்துவிட்டார். அந்தப் புத்திசாலிப் பாட்டியின் சாமர்த்தியம் பெரும்பாலும் கணவர் அப்புசாமித் தாத்தாவைச் சமாளிப்பதிலேயே போனது. சீரியல்களில் அறுபது வயதுப் பெண்ணுக்கு நிறைய வேலை உண்டு: பாலில் எதையோ கலப்பாள், பத்திரத்தை மாற்றி வைப்பாள், மருமகளை வீட்டைவிட்டுத் துரத்துவாள். குற்றம் செய்கிற இடத்தை அவளுக்குத் தாராளமாகக் கொடுத்தவர்கள், கண்டுபிடிக்கிற இடத்தைக் கொடுக்கவில்லை. தினமும் ராத்திரி அந்தப் பெட்டி முன்னால் அதிக நேரம் உட்காருகிறவளும் அவள்தான். இது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

1991-ல் முப்பது வயதில் சைக்கிள் பழகியவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. அத்தை இப்போதும் சைக்கிளில்தான் சந்தைக்குப் போகிறாள். யார் வீட்டு ஆடு யார் கொல்லையில் நிற்கிறது, குழுக்கடன் நோட்டில் யார் கையெழுத்து மாறியிருக்கிறது, வெளியூர்க்காரர் எந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார் என்பதெல்லாம் போகிற வழியிலேயே அவள் கண்ணில் பட்டுவிடும். கதாசிரியர் யாராவது ஒரு வாரம் அவள் பின்னாலேயே போய்வந்தால் போதும், பத்துப் பகுதிக்குக் கதை கிடைக்கும்.

அன்றைக்குப் படத்தின் முடிவில், விஷயம் என்னவென்று மிஸ் மார்ப்பிள் எல்லாருக்கும் விளக்கிச் சொன்னார். நான் மொழிபெயர்த்து முடித்தேன். அப்பத்தா பாக்கைச் சீவி முடித்து வெற்றிலையை மடித்தாள்.

“அதான் அப்பவே லாட்டின்னாளே,” என்றாள். “இன்னொரு வட்டு இருந்தாப் போடு.”