அம்மா பேர் தெரியாது... இனிஷியல் வயலின்!

கஸ்டமர் கேருக்கு போன் பண்ணினால், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்' என்று சொல்லிவிட்டுக் கால்மணி நேரம் காக்க வைப்பார்கள் இல்லையா? அப்போது காதுக்குள் ஒரு வயலின் கோஷ்டி துள்ளித் துள்ளி வாசிக்கும். நிறைய கம்பெனிகளில் அது விவால்டியின் 'வசந்தம்'. 1725-ல் அச்சான 'நான்கு பருவங்க'ளில் முதலாவது. பில் தகராறில் கொதித்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு வசந்தம்!

எனக்கு ஊர் ஸ்ரீமுஷ்ணம். பூவராக சுவாமி கோயில் நாதஸ்வரத்தில் பழகிய காது. ஆபீஸ் விருத்தாசலத்தில். பஸ்ஸில் ஒருநாள், ஏதோ வெளிநாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் யூனிஃபார்மோடு உட்கார்ந்து இதே விவால்டியை வாசிப்பதை செல்போனில் பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் பிரபு வீட்டுப் புள்ளைங்க வாசிக்கிறது தம்பி. நம்ம வீட்டுப் புள்ளைங்களுக்கு எதுக்கு?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பரோக் இசை (சுமாராக 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் நடந்த பாணி) என்றாலே பவுடர் போட்ட விக்கும், ஜரிகைக் கோட்டும்தான் படங்களில் வரும். ஆனால், விவால்டியின் கச்சேரி உருப்படிகள் பலவற்றை முதன்முதலில் வாசித்தது யார் தெரியுமா? அநாதை இல்லத்துப் பெண்கள்!

வெனிஸ் நகரத்தில் 'பியட்டா' என்று ஓர் இல்லம். அதன் சுவரில் கைக்குழந்தை மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு மாடம். வளர்க்க வழியில்லாதவர்கள் குழந்தையை அதில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சில தாய்மார்கள் ஒரு பதக்கத்தை இரண்டாக உடைத்து, பாதியைக் குழந்தையோடு வைத்து, மறுபாதியைத் தாங்கள் வைத்துக்கொள்வார்களாம். என்றைக்காவது திரும்பி வந்தால் அடையாளம் காட்ட வேண்டுமே!

பையன்களுக்கு ஏதாவது தொழில் கற்றுக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். பெண்கள் உள்ளேயே வளர்வார்கள். குரலும் விரலும் உள்ளவர்களைப் பொறுக்கியெடுத்து இசை. அந்த இல்லத்துப் பள்ளிக்கூடத்துக்கு 1703-ல் வயலின் வாத்தியாராகச் சேர்ந்தார், 25 வயது அந்தோனியோ விவால்டி. அதே வருஷம்தான் பாதிரியாராகவும் ஆகியிருந்தார். தலைமுடி செம்பட்டை, ஊரில் பட்டப்பெயரே 'சிவப்புப் பாதிரி'.

காண்ட்ராக்ட்டில் வேலை பார்க்கும் நண்பர்கள் கவனிக்கவும். நிர்வாகக் குழு கூடி ஓட்டுப் போட்டுத்தான் அவர் வேலையை நீட்டிக்கும். 1709-ல் ஓட்டு எதிராக விழுந்தது. விவால்டியே வீட்டுக்குப் போய்விட்டார்! 1711-ல் மறுபடி கூப்பிட்டு வைத்துக்கொண்டார்கள். (பி.எஃப். தொடர்ந்ததா என்று கேட்காதீர்கள்.)

ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சேரி களைகட்டும். வயலின், செல்லோ, ஓபோ... எல்லாம் பெண்களே. வெனிஸுக்கு வருகிற தூதர்களும் இளவரசர்களும் தவறாமல் ஆஜர். ஆனால் வாசிப்பவர்கள் கம்பித் தடுப்புக்குப் பின்னால். ஒலி வரும், முகம் தெரியாது.

பிரெஞ்சு எழுத்தாளர் ரூஸ்ஸோவுக்கு இது பொறுக்கவில்லை. வெனிஸில் இப்படி மொத்தம் நான்கு இல்லங்கள். 1740-களில் அதில் இன்னொன்றில் பாட்டைக் கேட்டுவிட்டு, உள்ளே தேவதைகள்தான் இருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, சிபாரிசு பிடித்து நேரில் போனார். ஒருத்திக்கு ஒரு கண் இல்லை. இன்னொருத்திக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. மனிதர் ஆடிப்போனார். ஆனால் அவர்களோடு பேசிவிட்டுத் திரும்பும்போது மறுபடி அவர்கள் மேல் பிரியமாகிவிட்டதாம். அவரே எழுதி வைத்திருக்கிறார். (பஸ் ஸ்டாண்டில் கமெண்ட் அடிக்கிற நம்ம பையன்கள் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படிக்கலாம்.)

அப்பா பெயர் இல்லாத பிள்ளைகளுக்கு இனிஷியல் எங்கிருந்து வரும்? வாத்தியத்தையே பெயரோடு சேர்த்தார்கள். 'வயலின் அன்னா மரியா', 'ஓபோ பெலகிரீனா' என்று. நம்ம ஊர் 'வீணை தனம்மாள்' மாதிரியே! வித்தியாசம், தனம்மாள் பிறந்தது சங்கீதக் குடும்பத்தில். அந்தப் பெண்களுக்கு வாத்தியம்தான் குடும்பம்.

கல்யாணம் பண்ணிக்கொண்டு வெளியே போகலாம். ஆனால் ஒரு நிபந்தனை: இனி பொது இடத்தில் வாசிப்பதில்லை என்று உறுதி கொடுக்க வேண்டும். எனக்கு அங்கேதான் கோபம் வருகிறது. சோறு போட்டு, உலகமே மெச்சுகிற வித்தையைக் கொடுத்துவிட்டு, வாசலில் அதைப் பிடுங்கிக்கொள்வதா?

பெரியவர் கேள்விக்குப் பதில் நம்ம ஊரிலேயே இருக்கிறது. ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைப் பள்ளியோடு சேர்ந்த 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா', வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் மேற்கத்திய வாத்தியம் சொல்லித் தருகிறது. அதை ஆங்கிலத்தில் 'கன்சர்வேட்டரி' என்கிறார்களே, அந்த வார்த்தையின் பூர்வீகமே இத்தாலியில் அநாதைப் பிள்ளைகளைப் பாதுகாத்த இல்லம்தான். அதற்கு முன்பே, 1986-ல், இளையராஜா 'ஹௌ டு நேம் இட்'டில் தியாகராஜரையும் பாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். பிரபு வீட்டு கேட்டெல்லாம் எப்போதோ திறந்தாச்சு!

விவால்டி 1741-ல் வியன்னாவில் ஏழையாகச் செத்தார். ஊர் மறந்தது. கையெழுத்துப் பிரதிகள் மூட்டையாக வெளிவந்தது 1926-ல்தான்.

அன்னா மரியா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அந்த இல்லத்திலேயே இருந்து, அடுத்தடுத்து வந்த சிறுமிகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்து, 1782-ல் கிழவியாக இறந்தார். அவர் வாசித்த நோட்டுப் புத்தகம் ஒன்று, பேர் போட்டு, இன்றும் வெனிஸில் பத்திரமாக இருக்கிறது. அதிலுள்ள சில உருப்படிகளில் அவருடைய வயலின் பகுதி மட்டும்தான் மிச்சம். கூட வாசித்த பெண்களின் தாள்கள் கிடைக்கவில்லை.